ஞாயிற்றுக்கிழமை நிரல்

நாகபுரியில் இரயில்வே கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒருவருக்குப் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து, ஒன்பது மணிவரை நிரல் எழுதுவார். அவர் கணினித் துறையில் பட்டம் பெற்றவர் அல்லர், வணிகவியல் படித்தவர். எழுதும் நிரலுக்கு ஊதியம் கிடையாது, பாராட்டுவோரும் இல்லை. வாரத்திற்கு மூன்று மணி நேரம் என்றால் ஆண்டு முழுவதும் கூட்டினாலும் 156 மணி நேரமே ஆகும். நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர் ஏறத்தாழ நான்கு வாரங்களில் அவ்வளவு நேரத்தைச் செலவிட்டுவிடுவார். அவருடைய நிரல்கள் சிறியனவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

தொடக்கத்தில் பால்கணக்கு எழுத ஒரு நிரல் செய்தார். சமையல் எரிவாயு உருளை எத்தனை நாள் வருகிறது என்று பார்க்க மற்றொன்று செய்தார். அவை இப்போதும் ஓடுகின்றன; அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொல்லத்தக்கது அவர் வைத்திருக்கும் குறிப்பேடு. கணக்குப் பிரிவில் வேலை செய்பவர் அல்லவா? பற்றும் வரவும் எதிரெதிரே நிற்க வேண்டும் என்னும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் அந்த ஞாயிறு செய்ய எண்ணியதை எழுதுவார். வலப்பக்கத்தில் உண்மையில் நிகழ்ந்ததை எழுதுவார். இரண்டும் ஒத்துப்போன வாரங்கள் மிகக் குறைவு.

இத்தகைய ஏடு வைத்தவர்களில் பெரியவர்களும் உண்டு. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு கனூத், நூல்களை அழகுற அச்சுக்கோக்கும் 'டெக்' என்னும் மென்பொருளை உருவாக்கியபோது, அதில் கண்ட பிழைகளையும் மாற்றங்களையும் 1978 முதல் ஒன்றுவிடாமல் குறித்துவந்தார். பிறகு 1989இல் அந்தப் பட்டியலை ஒரு கட்டுரையுடன் வெளியிட்டார். உலகம் போற்றும் ஓர் அறிஞர் தம் பிழைகளை நாள்வாரியாக ஊரறிய வைத்தது நாகபுரிக்காரருக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் பயன்படுத்தும் பைத்தான் என்னும் நிரல்மொழிகூட விடுமுறைக் காலத்தில் பிறந்ததே. நெதர்லாந்தின் கைடோ வான் ரோசம் என்பவர் 1989 டிசம்பரில், கிறித்துமசு விடுமுறையில் பொழுது போவதற்காக அதை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் பாம்பைக் குறிப்பதன்று. ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது.

நாகபுரிக்காரர் கடந்த சில மாதங்களாகச் செய்துவரும் நிரலுக்குக் காரணம் அவருடைய மகள். மத்தியப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் அச்சிறுமி இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசுவாள். தமிழ் வீட்டில் காதில் விழும் மொழி; பள்ளியில் விருப்பப் பாடம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஆச்சியுடன் தொலைபேசியில் பேசும்போது இரண்டு மூன்று வாக்கியங்களுக்குமேல் அவளால் போக முடியவில்லை. "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன், ஆச்சி." "பள்ளிக்கூடம் போனாயா?" "போனேன், ஆச்சி." அதன்பின் இருவரும் பேசாதிருப்பர். அந்த அமைதியைப் பக்கத்தில் நின்று கேட்கும் தந்தைக்கு அது பெரும் பாரமாக இருந்தது.

ஆச்சிதான் ஒரு விளையாட்டைச் சொன்னார். ஒருவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். அதன் கடைசி எழுத்தில் தொடங்கும் சொல்லை அடுத்தவர் சொல்ல வேண்டும். அம்மா, மாதம், மத்து, துளசி, சித்தப்பா, பாக்கு, குடம் என்று அது நீண்டுகொண்டே போகும். சொல் புள்ளி எழுத்தில் முடிந்தால் புள்ளியை எடுத்துவிட்டுத் தொடங்கலாம். ஒன்றன் அந்தம் அடுத்ததன் ஆதியாவதால் பழந்தமிழ்ச் செய்யுளில் இம்முறைக்கு அந்தாதி என்று பெயர். ஆச்சி அப்பெயரையெல்லாம் சொல்லவில்லை. சிறுவயதில் விளையாடியதைச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆட்டம். எந்தச் சொல் வந்துவிட்டது, யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதில் மட்டும் ஓயாத வழக்கு. வழக்கைத் தீர்க்க ஒரு நிரல் வேண்டும் என்றாள் மகள். ஆச்சி சொல்வதைக் கேட்டு அவளே தட்டச்சு செய்வாள். முறை தவறாமல் பார்த்துக்கொள்வது நிரலின் வேலை.

'சொல்லின் கடைசி எழுத்தைக் கண்டுபிடித்தல்: அரை மணி நேரம்' என்று முதல் ஞாயிறு இடப்பக்கத்தில் எழுதினார். வலப்பக்கத்தில் உள்ளது இது: 'தமிழ் என்னும் சொல்லில் ஐந்து எழுத்து என்கிறது.'

கணினி பொய் சொல்லவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் ஒருங்குறி என்னும் முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் இல்லை. ககரத்துக்கு ஓர் எண் உண்டு. கால் என்னும் குறிக்கு ஓர் எண் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 'கா' திரையில் தோன்றும். அவ்வாறே தமிழ் என்னும் சொல் கணினிக்குள் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக நிற்கிறது. 'அம்மா' என்று தட்டச்சு செய்தால், வெறும் காலில் தொடங்கும் சொல்லைத் தேடி அந்த நிரல் திகைத்து நின்றது.

இதில் ஒரு விந்தை உண்டு. தமிழ் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. க் என்னும் மெய்யும் அ என்னும் உயிரும் சேர்ந்து க என்னும் உயிர்மெய் பிறக்கிறது. ஒருங்குறியிலோ க முன்னதாகவே இருக்கிறது; அதனுடன் புள்ளியைச் சேர்த்தால்தான் க் கிடைக்கும். கையால் எழுதும்போதும் அப்படித்தான் எழுதுகிறோம் என்பது உண்மையே. ஆனால் எழுதும் முறையும் ஒலிக்கும் முறையும் வேறுவேறு என்பதைத் தமிழ் பேசி வளர்ந்த ஒருவர் நாற்பது வயதில்தான் உணர்ந்தார், அதுவும் ஒரு பொறிக்குத் தமிழைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது.

இரண்டாம் ஞாயிறு அதற்கு ஒரு விதி எழுதினார். ஒட்டுக்குறியோ புள்ளியோ வந்தால் அதைத் தனி எழுத்தாக எண்ணாமல் முன்னுள்ளதோடு சேர்த்துவிட வேண்டும். விதி சரிதானா என்று பார்க்க மகள் 'விகடகவி'யைக் கொடுத்தாள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத சொல் அது. பழைய நிரல் அதைத் தலைகீழாக்கியபோது முதலில் இகரக் குறி வந்து, சொல்லே சிதைந்து, இது அதுவன்று என்றது. புதிய நிரல் வி, க, ட, க, வி என்று ஐந்தாகப் பிரித்து, இரண்டும் ஒன்றே என்றது. இப்படி முழுப் பாட்டையே அமைப்பதற்குத் தமிழில் மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். 'பக்ஷி' போன்ற சொற்களில் எத்தனை எழுத்து என்னும் கேள்வியை மட்டும் அவர் விட்டுவைத்தார். ஆச்சி பட்சி என்றே சொல்வார். ஆதலால் அந்தச் சிக்கல் இதுவரை எழவில்லை.

மூன்றாம் ஞாயிறு முழுவதும் இலக்கணத்தில் போயிற்று. மகள் 'மயில்' என்றாள். புள்ளியை எடுத்தால் ல. லகரத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் ஏது? மகள் "லட்டு" என்றாள். "இலட்டு என்று சொல்" என்றார் ஆச்சி. நன்னூல் மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் என்று 22ஐக் கூறுகிறது: உயிர் பன்னிரண்டும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங ஆகிய வரிசைகள் பத்தும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் அதில் இல்லை. ஆகவே மயில், வீடு, ஆறு, மழை, மீன் எல்லாம் அடுத்தவரை முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தும் சொற்கள். ஆச்சியின் சட்டப்படி அத்தகைய சொல்லைச் சொன்னவருக்குத்தான் மதிப்பெண் குறையும். இந்தச் சட்டத்தை நிரலில் எழுதியபோது, தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் ஒரு பட்டியல் எதற்கு உதவும் என்னும் பழைய ஐயம் அவருக்குத் தீர்ந்தது. மகளுக்கோ அப்பட்டியல் மனப்பாடம் செய்யாமலே வந்துவிட்டது. தோற்றால் வருத்தப்படும் குழந்தை, தோற்கச் செய்யும் எழுத்தை மறப்பதில்லை.

அடுத்த ஞாயிறு வலப்பக்கத்தில் 'ஆண்டுக் கணக்கு முடிப்பு. அலுவலகம் சென்றேன்' என்று மட்டும் இருக்கிறது. அதற்கடுத்த ஞாயிறு காய்ச்சல்.

அதன்பின் வந்த இரண்டு ஞாயிறுகள் ஒரு கொக்கைத் தேடுவதில் கழிந்தன. ஒரே ஆட்டத்தில் 'கொக்கு' இரண்டுமுறை வந்தும் நிரல் தடுக்கவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன; எத்தனை முறை உற்று நோக்கினாலும் ஒரு வேறுபாடும் இல்லை. 'மரம்' இரண்டாம் முறை வந்தால் தடுக்கிறது. 'குடம்' வந்தால் தடுக்கிறது. கொக்கு மட்டும் தப்பிவிடுகிறது. 'கோவிலும்' அப்படியே தப்பியது. முதல் ஞாயிறு முழுவதும் மதிப்பெண் போடும் பகுதியில் குற்றம் இருக்கும் என்று எண்ணி அதை முழுவதும் திருத்தி எழுதினார். குற்றம் அங்கே இல்லை. இரண்டாம் ஞாயிறுதான் இரு கொக்குகளின் எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுப் பார்க்கும் எண்ணம் தோன்றியது. ஒன்றில் ஒகரக் குறி ஒரே எண்ணாக இருந்தது. மற்றொன்றில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனி எண்களாக நின்றன. அவர் சொற்பட்டியலின் ஒரு பகுதியைப் பழைய எழுத்துருவில் இருந்த கோப்பிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றி எடுத்திருந்தார்; கொம்பும் காலும் பிரிந்து நின்றது அங்கிருந்து வந்த வினை. ஒருங்குறி இரண்டு வடிவங்களையும் ஒப்புக்கொள்கிறது; இரண்டும் ஒன்றே என்றும் கூறுகிறது. ஆனால் கணினியிடம் ஒப்பிடச் சொல்வதற்கு முன் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது நிரல் எழுதுவோர் பொறுப்பு. அதற்கான கருவி பைத்தானுடனேயே வருகிறது. சேர்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

ஆறு மணி நேரத்தில் ஒரு வரி. வரிகளை எண்ணி முன்னேற்றத்தை அளப்போருக்கு இது நகைப்பாகத் தோன்றும். ஆனால் கணக்குப் பிரிவினருக்கு இது புதிதன்று. ஒரு ரூபாய் வேறுபாட்டைத் தேடி ஒரு நாள் முழுவதும் பேரேடுகளைப் புரட்டுவது அவர்கள் வழக்கம். தேடிக் கிடைத்தது ஒரு ரூபாய்தான். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவரையில் கணக்கு முழுவதுமே ஐயத்துக்குரியது.

சொற்பட்டியலை அகரவரிசையில் காட்ட வேண்டும் என்று மகள் கேட்டது எளிய வேலையாகத் தோன்றியது. வரிசைப்படுத்தும் வசதி மொழியிலேயே இருக்கிறதே. பட்டியல் வந்தது. பள்ளியில் அப்போதுதான் அகராதி பார்க்கக் கற்றிருந்த அவள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, இது தப்பு" என்றாள். அன்பு, அப்பா, அம்மா என்று இருந்தது. தமிழ் வரிசையில் ன கடைசி மெய். ஆகவே அப்பா, அம்மா, அன்பு என்றே வர வேண்டும். காரணத்தையும் அவளே கண்டுபிடித்ததுதான் சிறப்பு. இந்திய மொழிகளுக்காக இங்கே வகுக்கப்பட்டிருந்த இஸ்கி என்னும் குறிமுறையை அடியொற்றியே ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் அடுக்கப்பட்டன. அதில் எல்லா மொழிகளுக்கும் ஒரே அடுக்கு. அதனால் நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும், அதன்பின் வகரம் என்று எண்கள் போகின்றன. தந்தை அந்த வரிசையைத் தாளில் எழுதிக்காட்டியதும், "இது மராத்திப் புத்தகத்தில் இருப்பதுபோல் இருக்கிறது" என்றாள் மகள். தேவநாகரி எழுத்துகளின் அடுக்கை அவள் பார்த்திருக்கிறாள். தமிழ்நாட்டிலேயே வளர்ந்த குழந்தைக்கு இது அவ்வளவு விரைவில் புலப்பட்டிருக்காது. தமிழ் மெய்வரிசையைத் தனியே எழுதி நிரலுக்குக் கொடுத்ததும் அன்பு தன் இடத்துக்குப் போயிற்று.

அடுத்து வந்த ஞாயிற்றின் குறிப்பு எல்லாவற்றிலும் சிறியது. அன்று காலை நிரல் எழுதவே இல்லை. வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது என்றே எண்ணியிருந்தார். ஆட்டத்தில் ஒரு சொல் வந்தால், அது தம் பட்டியலில் உள்ளதா என்று நிரல் பார்க்கும், இல்லையென்றால் மறுத்துவிடும். பிழையான எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. மகளின் பாடநூல்களிலிருந்தும் சிறுவர் கதைகளிலிருந்தும் திரட்டிய பட்டியல் அது. மகள் "தாத்தா" என்றாள். ஆச்சி "தார்சா" என்றார். மகள் தட்டச்சு செய்து, திரையில் வந்ததை அப்படியே படித்துக்காட்டினாள்:

"அப்படி ஒரு சொல் இல்லை என்கிறது, ஆச்சி."

தொலைபேசியில் சற்று நேரம் குரல் இல்லை. பிறகு ஆச்சி, "உன் அப்பா நடை பழகினதே அந்தத் தார்சாவில்தான்" என்றார். கோபம் இல்லை, விளக்கம் சொல்லும் குரல்தான். "சரி, தாமரை என்று வைத்துக்கொள்" என்று உடனே சொல்லை மாற்றியும் கொண்டார். தாமரை ரகர வரிசையில் முடிவது. சொன்னவருக்கே மதிப்பெண் குறையும். ஆட்டச் சட்டத்தை வகுத்த ஆச்சிக்கு அது தெரியாததன்று.

தார்சா என்பது நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையைக் கடந்ததும் வரும் முன்கட்டு. அந்த வீட்டில் பிறந்து, அந்தச் சொல்லை நாள்தோறும் சொல்லி வளர்ந்தவர் எழுதிய நிரல்தான் அப்படி ஒரு சொல் இல்லை என்றது. நாகபுரிக்கு வந்த இருபது ஆண்டுகளில் அச்சொல்லை அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்கவில்லை. பட்டியல் தொகுத்தபோது நினைவுக்கு வராததற்குக் காரணம் அதுவே. பட்டியலில் இல்லாதது மொழியிலேயே இல்லை என்று ஒரு பொறி சொன்னால், அதைப் பேசும் மூத்தவர் விட்டுக்கொடுத்து வேறு சொல்லுக்குப் போய்விடுகிறார். கேட்கும் குழந்தையோ பொறியையே நம்புகிறாள்.

அன்று பிற்பகலே, வழக்கத்துக்கு மாறாக, மடிக்கணினியை மீண்டும் திறந்தார். 'அப்படி ஒரு சொல் இல்லை' என்னும் வரியை அழித்துவிட்டு, 'இந்தச் சொல் எனக்குத் தெரியாது. இதற்கு என்ன பொருள்?' என்று எழுதினார். விடையைத் தட்டச்சு செய்தால் அதைச் சொல்லோடு சேர்த்துத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளவும், சொல்லை ஆட்டத்தில் ஏற்றுக்கொள்ளவும் வழி செய்தார். வலப்பக்கத்தில் எழுதியது: 'ஒரு வாக்கியம் மாற்றினேன்.'

அந்த மாற்றத்துக்குப்பின் ஆட்டம் மெதுவாக நடக்கிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் ஆச்சி ஒரு கதை சொல்கிறார். அங்கணம் என்றால் பாத்திரம் துலக்கும் இடம் என்பதோடு நிற்பதில்லை. அந்த அங்கணத்தில் யார் வழுக்கி விழுந்தார் என்பதும் வருகிறது. வளவு என்றார் ஒரு நாள். 'வு' என்னும் எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்குவதில்லை. அதனால் அவருக்கு மதிப்பெண் போயிற்று. ஆனாலும் ஒரே வாசலுக்குள் அடுத்தடுத்து இருக்கும் வீடுகளுக்கு அது பெயர் என்று மகள் எழுதிக்கொண்டாள். இரண்டு மூன்று வாக்கியங்களோடு நின்றுபோன பேச்சு இப்போது சில நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. மதிப்பெண் எவ்வளவு என்பதை இருவருமே கேட்க மறந்துவிடுவதுண்டு; அவ்வளவு பாடுபட்டு எழுதிய மதிப்பெண் பகுதியைப் பற்றித் தந்தைக்குச் சிறு மனக்குறை இருக்கலாம். கோப்பில் 61 சொற்கள் சேர்ந்துள்ளன.

இப்போது அவர் முன் இருக்கும் சிக்கல் வேறு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிவகைக்கு ஆச்சி சொன்ன சொல்லை மகள் ஒரு வாரம் 'வெஞ்சனம்' என்றும், மறுவாரம் 'வெஞ்சணம்' என்றும் எழுதிவிட்டாள். தொலைபேசியில் கேட்கும்போது இரண்டு சுழியும் மூன்று சுழியும் அவளுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. எது சரி என்று கேட்டதற்கு, "சமைத்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன்; எழுதியதில்லையே" என்றார் ஆச்சி. கொக்குக்குச் செய்ததுபோல் இதற்கு ஒரு வரியில் தீர்வு இல்லை. இரண்டும் எண்ணிலும் வேறு, எழுத்திலும் வேறு. இப்போதைக்கு இரண்டையும் கோப்பில் வைத்திருக்கிறார். 'இரண்டும் ஒன்றே என்று நிரலுக்குச் சொல்வது எப்படி?' என்று இடப்பக்கத்தில் எழுதியாயிற்று. வரும் ஞாயிறு அவருக்கு அலுவலகத்தில் தணிக்கை. எனவே அதற்கடுத்த ஞாயிறுதான் உட்கார வேண்டும்.